எஸ்பிளனேட் பூங்கா: நிற்கிற கல்லும் இடிக்கப்பட்ட கல்லும்

சனிக்கிழமை

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டி, பாடாங் மைதானத்தின் ஓரமாகவே நடந்தால் கனாட் டிரைவ் வரும். அந்தச் சாலையைக் கடந்ததும் எஸ்பிளனேட் பூங்கா. சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் மெர்லயன் சிலையைப் பார்க்கப் போகிறார்கள், ஆனால் யாரும் இங்கே நிற்பதில்லை. நான் இந்த முறை மெர்லயன் பக்கமே போகவில்லை. தம்பி வீட்டில் தங்கியிருக்கிறேன், அவனுக்கு வேலை, எனக்கு விடுமுறை, அதனால் தினமும் கொஞ்ச நேரம் இந்தப் பூங்காவுக்கும் அதைச் சுற்றியுள்ள நினைவுச்சின்னங்களுக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

பூங்கா சின்னது. பேசிக்கொண்டே நடந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதற்குள் 1882-ல் திறந்த ஒரு நீரூற்று, 1922-ல் திறந்த ஒரு போர் நினைவுத் தூண், 1954-ல் எழுப்பிய ஒரு எண்கோண மண்டபம், அப்புறம் 1945-ல் கட்டி அதே ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்த ஒரு நினைவுத் தூண் இருந்த இடம். ஆரம்பத்தில் பாடாங்கின் ஓரம் வரைக்கும் கடல். கடலைத் தூர்த்துத்தான் இந்தப் பூங்கா நிற்கும் நிலமே வந்தது. இப்போது கடலைப் பார்க்க நெடுஞ்சாலை ஒன்றைத் தாண்ட வேண்டும், அங்கேயும் தெரிவது அணை கட்டி நன்னீராக்கிய மரீனா குடாதான்.

இன்றைக்குப் பெரும்பாலான நேரம் செனடாஃபில்தான் போனது, அதாவது 1922-ல் திறந்த அந்தப் போர் நினைவுத் தூணில். முதல் உலகப் போரில் இறந்த, சிங்கப்பூரில் பிறந்த அல்லது வசித்த 124 பிரிட்டிஷ் வீரர்களுக்காக எழுப்பியது. வடிவமைத்தவர் டெனிஸ் சான்ட்ரி, ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர். கம்போங் கிளாமில் இருக்கும் சுல்தான் பள்ளிவாசலும் இவர் வரைந்ததுதான். 1920 நவம்பர் 15-ம் தேதி ஆளுநர் கில்லிமார்ட் அடிக்கல் வைத்தபோது பக்கத்தில் நின்றவர் பிரான்சின் முன்னாள் பிரதமர் ஜார்ஜ் கிளெமான்சோ. ஊரில் இப்போதும் கிளெமன்சோ அவென்யூ என்று ஒரு சாலை இருப்பது அவர் பெயரால்தான். 1922 மார்ச் 31-ல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் வந்து திறந்துவைத்தார். அந்தப் பயணத்தில் இளவரசருக்குத் துணையாக வந்தவர்களில் இருபத்தோரு வயது கடற்படை அதிகாரி ஒருவர் உண்டு: லூயி மவுண்ட்பேட்டன். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

படியேறும்போதே 1914 முதல் 1918 வரையான ஆண்டுகள் காலடியில் வருகின்றன. வெண்கலப் பலகையில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்பின் தெரியாத ஊரில், யாரென்றே தெரியாத ஆட்களின் பெயரை நின்று படிப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், பெயரை வெட்டிவைத்ததே யாராவது நின்று படிக்கத்தானே.

தூணின் மறுபக்கம் போனால் வேறொரு போர். 1939 முதல் 1945 வரை. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கென்று 1951-ல் சேர்த்தது. 'நாம் வாழ அவர்கள் மாண்டார்கள்' என்ற பொருளில் ஒரு வாசகம், நான்கு மொழிகளில், அதில் ஒன்று தமிழ். பிரிட்டிஷ் வீரர்களுக்காகப் பிரிட்டிஷார் கட்டிய தூணில் முப்பது ஆண்டு கழித்துத்தான் தமிழ் ஏறியது. இரண்டு போருக்கும் இடையில் இந்த ஊருக்கு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு பக்கமே சொல்லிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

2013 ஏப்ரலில் ஒருவர் சிவப்புச் சாயத்தால் இதன் மேல் பெருக்கல் குறி போட்டு 'டெமாக்ரசி' என்று எழுதிவிட்டார். மூன்று மாதச் சிறை, மூன்று பிரம்படி. இப்போது ஒரு சுவடும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

செனடாஃபிலிருந்து கொஞ்ச தூரத்தில் புல்வெளியில் ஒரு சிறிய அடையாளப் பலகை இருக்கிறது. திறந்து வைத்த புத்தகத்தின் வடிவம். போர் முடிந்து ஐம்பது ஆண்டு ஆனதை ஒட்டி 1995-ல் சிங்கப்பூர் அரசு போர்க்காலச் சம்பவங்கள் நடந்த இடங்களில் இப்படிப் பலகைகள் வைத்தது. அதில் இது ஒன்று. ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) நினைவுத் தூண் நின்ற இடம் இதுதான் என்று சொல்கிறது. தூண் இல்லை. அடிக்கல் இல்லை. செங்கல் துண்டுகூட இல்லை.

சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, ஜப்பான் வழியாக 1943 ஜூலை 2-ல் சிங்கப்பூர் வந்தார். 4-ம் தேதி கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து தலைமையை ஏற்றார். மறுநாள் இதோ எதிரே தெரிகிற இந்தப் பாடாங்கில்தான் ஐஎன்ஏ அணிவகுப்பு. 'டில்லி சலோ' என்று அவர் முழங்கியது இந்தப் புல்லின் மேல்தான். அணியில் ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து கைதானவர்கள். இன்னொரு பக்கம் அப்போதைக்குத் துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத மக்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தமிழர்கள், கடை கணக்கர்கள், துறைமுகத் தொழிலாளிகள், ஆசிரியர்கள். இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்திராத பிள்ளைகள் இந்திய விடுதலைக்கு என்று பெயர் கொடுத்தார்கள். தோட்டத்து அம்மாக்கள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படை. அதன் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1943 அக்டோபர் 22-ல் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் தொடங்கியது. கோலாலம்பூர் தமிழ்ப் பெண் ஜானகி தேவர் பதின்ம வயதில் அதில் சேர்ந்து, அடுத்த கட்டத் தலைமைக்கே உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய அரசியலில் இருந்தார், 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. இப்படிப் பெயர் தெரிந்தவர்கள் சிலர். பெயர் தெரியாமலே பர்மாவின் மழைக்காட்டில் மலேரியாவிலும் பசியிலும் குண்டிலும் போனவர்கள் எத்தனையோ பேர்.

அவர்களுக்காகத்தான் இந்தத் தூண். 1945 ஜூலை 8-ல் போஸே அடிக்கல் வைத்தார். இம்பால் போர் தோற்று ஓராண்டு ஆகிவிட்டது, பர்மா கைவிட்டுப் போய்விட்டது, ஜப்பான் தோற்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிகிற நேரம். அந்த நேரத்தில் ஒரு மனிதர் இறந்த தன் வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும், அதுவும் எதிரி வருவதற்குள் எழுப்ப வேண்டும் என்று அவசரப்படுகிறார். வேலையை ஐஎன்ஏ கர்னல் ஸ்ட்ரேசியிடம் ஒப்படைத்தார். ஆகஸ்ட் 16-ல் போஸ் சிங்கப்பூரை விட்டு விமானம் ஏறினார், திரும்பவில்லை. பிரிட்டிஷ் படை செப்டம்பர் தொடக்கத்தில் கரையிறங்கும்போது தூண் நின்றது. அதில் மூன்று சொற்கள்: இத்திஹாத், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்.

தென்கிழக்கு ஆசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி அப்போது மவுண்ட்பேட்டன். அவர் உத்தரவின் பேரில் பொறியாளர் படை வந்து வெடிவைத்துத் தகர்த்தது. செனடாஃப் திறப்பு விழாவுக்கு இளவரசரோடு இந்த ஊருக்கு வந்த அதே மவுண்ட்பேட்டன்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. ஜப்பான்காரர்கள் மூன்றரை ஆண்டு இந்த ஊரை ஆண்டார்கள், செய்த கொடுமைக்கு அளவே இல்லை, ஆனால் எதிரியின் செனடாஃப் இதே பூங்காவில் அந்த மூன்றரை ஆண்டும் நின்றது. திரும்பி வந்த பிரிட்டிஷாருக்கோ இந்தத் தூணைச் சில நாள்கூட விட்டுவைக்க மனமில்லை. கல்லில் இருந்தது மூன்று சொற்கள். ஆனால் தங்கள் சொந்தப் படையிலிருந்தே பிரிந்துபோன சிப்பாய்களுக்குப் பாடாங் எதிரே ஒரு மரியாதைக் கல் இருந்தால், மற்ற சிப்பாய்கள் அதைப் பார்ப்பார்கள் இல்லையா. பயம் அதுதான். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்ததைப் பார்க்கும்போது அந்தப் பயம் வீண் பயம் இல்லை என்றும் தெரிகிறது.

பலகையருகே மரத்தடியில் ஒரு தம்பி உட்கார்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வேலை கப்பல் பட்டறையில். நான் பலகையைப் படம் எடுப்பதைப் பார்த்து, பேசி முடித்துவிட்டு வந்தார்.

"என்னக்கா எடுக்குறீங்க?"

"நேதாஜி அடிக்கல் வச்ச இடம் தம்பி இது."

"நம்ம நேதாஜியா? இங்கயா?" என்றவர் குனிந்து தமிழில் இருப்பதை முழுக்கப் படித்தார். அப்புறம், "எங்க தாத்தாவோட அண்ணன் மலாயா போனவருதாங்க்கா. லெட்டர் வந்துட்டே இருந்துச்சாம், சண்டை வந்ததும் நின்னு போச்சாம். எந்தப் படையில இருந்தாரு, எங்க செத்தாரு, ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவர் ஐஎன்ஏவில் இருந்தாரா, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டாரா, யார் சொல்ல முடியும். தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்த ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. போர்க்கைதிகளான வெள்ளைக்கார வீரர்களுக்குத் தாய்லாந்தில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, தனித்தனிப் பெயரோடு.

அந்தத் தம்பி தன் அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று பலகையோடு சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

இந்தத் தூணின் மாதிரி ஒன்று மணிப்பூரில் மொய்ராங்கில் இருக்கிறது, ஐஎன்ஏ 1944 ஏப்ரல் 14-ல் கொடியேற்றிய ஊர். அங்கே போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

திங்கட்கிழமை

மதியம் வரை மழை. நாலு மணிக்கு மேல்தான் கிளம்ப முடிந்தது. தம்பியின் மாமியாரும் கூட வந்தார், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பூங்காவுக்குள் நுழைந்ததுமே அவர் பார்த்தது எந்த நினைவுச்சின்னத்தையும் இல்லை. "இங்கதான்மா சத்தே கிளப் இருந்துச்சு. கலியாணம் ஆன புதுசுல மாமா சம்பளத்தன்னிக்கு இங்கதான் கூட்டிட்டு வருவாரு. புகையும் வாசமுமா இருக்கும்" என்றார். குச்சியில் குத்தித் தணலில் வாட்டிய இறைச்சி, அதுதான் சத்தே, விற்ற கடைகள் அவை. எஸ்பிளனேட் கலையரங்கம் கட்டுவதற்காக 1995-ல் அது மூடப்பட்டது. அவருக்கு இந்த இடத்தின் வரலாறு அதுதான், அதுவும் வரலாறுதான்.

டான் கிம் செங் நீரூற்றைச் சுற்றி நடந்தோம். மலாக்காவில் பிறந்த பெரனாக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வம்சாவளி) வணிகர் டான் கிம் செங், ஊருக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று 1857-ல் 13,000 வெள்ளி கொடுத்தார். அந்தக் காலத்து 13,000 வெள்ளி! பணம் திட்டத்தில் போய் வீணானது, அவர் 1864-ல் இறந்தும் போனார், தண்ணீர் வரவில்லை. குடிநீர் விநியோகம் 1878-ல்தான் ஒழுங்காக அமைந்தது. நகராட்சி அவர் நினைவாக 1882 மே மாதம் இந்த நீரூற்றைத் திறந்தது. இங்கிலாந்தின் டெர்பியில் ஆண்ட்ரூ ஹேண்டிசைட் ஆலையில் வார்த்த இரும்பு, மூன்று அடுக்கு, கீழ் அடுக்கில் நான்கு கிரேக்கக் கலைத்தேவியர். தண்ணீருக்குப் பணம் கொடுத்த சீனருக்கு நன்றி சொல்ல ஆங்கிலேயர்கள் கிரேக்கப் பெண்களை வரவழைத்திருக்கிறார்கள்.

முதலில் இருந்தது ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில். 1905-ல் பேட்டரி ரோடுக்குப் போனது, 1925-ல் இங்கே வந்தது. நான் பார்த்தபோது தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை

லிம் போ செங் மண்டபம். பெரிய கட்டடம் எதிர்பார்த்து வந்தால் தவறவிட்டுவிடுவீர்கள், உயரம் நான்கு மீட்டர்கூட இல்லை. எட்டுப் பக்கம், வெண்கலக் கூரை, நான்கு வெண்கலச் சிங்கங்கள். வரைந்தவர் இங் கெங் சியாங், சிங்கப்பூரின் முதல் தலைமுறைச் சீனக் கட்டடக் கலைஞர்களில் முக்கியமானவர்.

லிம் போ செங் 1909-ல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து, பதினாறு வயதில் சிங்கப்பூர் வந்தவர். அப்பாவின் செங்கல், பிஸ்கட் தொழிலைப் பார்த்துக்கொண்டார். சீனாவை ஜப்பான் தாக்கியபோது நிதி திரட்டினார், ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பை நடத்தினார். அதனால் 1942 பிப்ரவரியில் ஊர் விழுவதற்கு முன்பே தப்பிக்க வேண்டியிருந்தது. மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் இந்தியா போய்ச் சேர்ந்து, ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படைக்கு ஆள் திரட்டினார். இலங்கையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் மலாயாக் கரைக்கு வந்து காட்டுக்குள் ஒற்றர் வலை அமைத்தார். 1944 மார்ச்சில் கோப்பெங் பக்கம் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 29-ல் பத்து காஜா சிறையில் வயிற்றுக்கடுப்பு நோயில் இறந்தார். முப்பத்தைந்து வயது.

1946 ஜனவரியில் உடலைக் கொண்டுவந்து, சிட்டி ஹால் படிகளில் சடங்கு நடத்தி, மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் அருகே அடக்கம் செய்தார்கள். இந்த மண்டபம் 1954 ஜூன் 29-ல், பத்தாவது நினைவு நாளில் திறந்தது. பணம் மக்கள் போட்டது.

மண்டபத்தின் அடியில் நான்கு வெண்கலப் பலகைகளில் அவர் வாழ்க்கை. ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), தமிழ். நான் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் பலகையைப் படித்தேன். வெயிலில் பலகை கை வைக்க முடியாத சூடு. எழுத்தின் பள்ளங்களில் பச்சைக் களிம்பு, மேடான இடமெல்லாம் வழவழப்பாகப் பழுப்பு. இத்தனை ஆண்டும் யார் யாரோ விரலால் தடவியே படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்ததையும் இதையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1943-44ல் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தச் சீனர் ஜப்பானை எதிர்க்க மலாயாவுக்கு வருகிறார். அதே மாதங்களில் மலாயாத் தமிழர்கள் ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்க்க இந்திய எல்லை நோக்கிப் போகிறார்கள். ஒரே தோட்டத்துச் சாலையில், ஒரே கடைத்தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த மக்கள். ஒருவருக்கு ஜப்பான் தன் இனத்தைக் கொன்ற எதிரி. இன்னொருவருக்குப் பிரிட்டன் தன் நாட்டைப் பிடித்துவைத்திருக்கும் எதிரி. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வென்ற பக்கத்தில் நின்றவருக்கு எண்கோண மண்டபம் கிடைத்தது, அவர் அதற்கு முழுக்கத் தகுதியானவர்தான். தோற்ற பக்கத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பலகை. அந்தப் பலகைக்கும் இந்தியச் சமூகத்தினரே நிதி கொடுத்தார்கள்.

இந்தப் பூங்காவில் செனடாஃப், நீரூற்று, இந்த மண்டபம் மூன்றையும் சேர்த்து 2010 டிசம்பர் 28-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். பலகை அதில் இல்லை. அறிவிப்பதற்கு அங்கே கட்டடமே இல்லையே என்று சொல்லலாம். இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

புதன்கிழமை

இன்று சாலையைக் கடந்து போர் நினைவுப் பூங்காவுக்கு. கிட்டத்தட்ட 68 மீட்டர் உயரத்தில் நான்கு வெள்ளைத் தூண்கள். தம்பி பையன் "சாப்ஸ்டிக்ஸ்" என்றான், ஊரே அப்படித்தான் சொல்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தும்தான். உள்ளே போய்ப் படியேறி, நான்கு தூணுக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது பையனும் ஒன்றும் பேசவில்லை.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைந்தது. 18-ம் தேதி தொடங்கி, 18 வயது முதல் 50 வயது வரை உள்ள சீன ஆண்களை அங்கங்கே கூட்டி, ஜப்பானுக்கு எதிரானவர் என்று சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஜப்பானியத் தரப்பு 5,000 என்றது, சீனச் சமூகம் 50,000 வரை சொல்கிறது.

1962-ல் சிக்லாப் பகுதியில் நிலத்தைத் தோண்டும்போது எலும்புகள் வந்தன. சீன வர்த்தகச் சபை தோண்டி எடுக்கும் பொறுப்பை ஏற்றது. அவர்கள் முதலில் கேட்டது இறந்த சீனர்களுக்கான ஒரு நினைவிடம். பேச்சுவார்த்தையில் அது எல்லா இனத்தவருக்குமான நினைவிடமாக மாறியது. நான்கு தூண்கள் நான்கு இனப் பிரிவுகளைக் குறிக்கின்றன: சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர் உள்ளிட்ட பிறர். வரைந்தவர் லியோங் சுவீ லிம். அவரும் அதே ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனம்தான், நாற்பது ஆண்டு கழித்து. செலவு ஏறத்தாழ ஐந்து லட்சம் வெள்ளி, பாதி அரசு, பாதி மக்கள். 1966 நவம்பரில் 606 தாழிகளில் எலும்புகளைத் தூணின் அடியில் வைத்தார்கள். 1967 பிப்ரவரி 15-ல் லீ குவான் யூ திறந்துவைத்தார்.

606 தாழி. அடியில் அவை இருக்கும்போது மேலே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக்காரர்கள் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. ஊரின் நடுவில், ஜனங்கள் புழங்குகிற இடத்தில் இருப்பதுதான் சரி. ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ல் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து இங்கே அஞ்சலி நடக்கிறது. சரணடைந்த நேரத்தை நினைவூட்ட அன்று மாலை 6.20-க்கு நாடெங்கும் சங்கு ஒலிக்கிறது.

ஒரு புதிய நாடு, விடுதலை அடைந்து இரண்டு ஆண்டுகூட ஆகாதபோது, ஒரு இனத்தின் மேல் அதிகமாக விழுந்த துக்கத்தை எல்லோருடைய துக்கமாகவும் ஆக்கியது. அதில் அரசியல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நான்கு தூணும் ஒரே உயரத்தில் அடியில் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதை நேரில் பார்த்தபோது எனக்கு இது நல்ல முடிவு என்றே தோன்றியது. பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது. மரண ரயில் பாதையில் போன மலாயாத் தமிழர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு அவர்கள் நினைவும் வந்தது.

வியாழக்கிழமை

கடைசியாக எம்ப்ரஸ் பிளேஸ். பூங்காவின் தெற்கு முனையிலிருந்து ஐந்து நிமிட நடை, விக்டோரியா அரங்கத்தின் எதிரே.

முதலில் ராஃபிள்ஸ். தாமஸ் வூல்னர் வார்த்த கறுப்பு வெண்கலச் சிலை, 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்காகப் பாடாங்கில்தான் வைத்தார்கள். கால்பந்து ஆடும்போது பந்து வந்து மேலே விழும், ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பீடத்தில் ஏறி உட்காருவார்கள். 1919-ல் நூற்றாண்டு விழாவின்போது இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் எடுத்து அருங்காட்சியகத்தில் போட்டார்கள், 1946-ல் திரும்ப வந்தது. 1972-ல் ஆற்றங்கரையில் வெள்ளை நகல் ஒன்று. 2019-ல் அந்த நகலின் பக்கத்தில் சில நாள்களுக்கு நான்கு பேரின் சிலைகளை வைத்தார்கள், அதில் ஒருவர் நாராயண பிள்ளை. பினாங்கிலிருந்து 1819-ல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து, செங்கல் சூளை வைத்து, மாரியம்மன் கோயிலை நிறுவிய தமிழர். அவரை நிரந்தரமாகவே அங்கே நிறுத்தியிருக்கலாம்.

சற்றுத் தள்ளி, பழைய நாடாளுமன்றத்தின் முன்னால் சயாம் மன்னர் சூலலாங்கோன் கொடுத்த வெண்கல யானை. 1871-ல் அவர் சிங்கப்பூர் வந்து போனதற்கு நன்றியாக. ராஃபிள்ஸுக்கு இடம் விட 1919-ல் யானையைத்தான் நகர்த்தினார்கள். அதில் சயாம், ஜாவி, சீனம், ஆங்கிலம் மட்டும்.

தமிழ் இருப்பது அரங்கத்தின் எதிரே நிற்கும் டல்ஹௌசி தூணில். கூரிய நுனி கொண்ட ஊசித் தூண், நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் வரைந்தது. 1850 பிப்ரவரியில் இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு வந்துபோனதற்கு ஞாபகமாக எழுப்பினார்கள். அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது, 1867 வரைக்கும் அப்படித்தான். வணிகத்துக்குத் தடைகள் கூடாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார் என்று புகழ்ந்து நான்கு பக்கத்தில் நான்கு மொழி: ஆங்கிலம், சீனம், ஜாவி, தமிழ். 1850-லேயே தமிழில் வெட்டியிருக்கிறார்கள் என்றால் இந்தத் துறைமுகத்தில் படித்துப் பார்க்கத் தமிழ் வணிகர்கள் அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்.

டல்ஹௌசி என்றால் நமக்கு வேறொன்றும் ஞாபகம் வரும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வாரிசு இல்லாத சமஸ்தானங்களைப் பறித்துக்கொள்ளும் கொள்கை. இந்தத் தூண் எழுந்து சில ஆண்டுகளில், 1854-ல், ஜான்சியை அவர் கம்பெனி ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார். ராணி லட்சுமிபாய் எதிர்த்து நின்று 1858-ல் போர்க்களத்தில் இறந்தார். எண்பத்தைந்து ஆண்டு கழித்து இந்தத் தூணிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வாட்டர்லூ தெருவில், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அந்த ராணியின் பெயரில் ஒரு படைக்குத் துப்பாக்கி தூக்கினார்கள். டல்ஹௌசியின் கல்லை இடம் மாற்றி மாற்றியாவது காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களோடு போனவர்களின் கல் சில வாரம்தான் நின்றது.

டல்ஹௌசி தூணையும் யாரும் இடித்துவிடக் கூடாது. இருக்கட்டும், அதில் தமிழும் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம், ஐஎன்ஏ பலகை இருக்கிற இடத்தில் அந்தத் தூணின் அளவிலேயே, அந்த மூன்று சொற்களோடு, ஒரு கல் திரும்ப எழ வேண்டும் என்பதுதான். மொய்ராங்கில் கட்ட முடிந்தது என்றால் அது நின்ற இடத்திலேயே கட்ட முடியாதா?

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், வெயில் தாங்காது. சிட்டி ஹாலில் இறங்கி முதலில் போர் நினைவுப் பூங்கா, பிறகு சாலையைக் கடந்து எஸ்பிளனேட் பூங்காவின் வடக்கு முனையிலிருந்து தெற்கே நடந்து, எம்ப்ரஸ் பிளேஸில் முடியுங்கள். எதற்கும் கட்டணம் இல்லை. ஐஎன்ஏ பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும், செனடாஃப் பக்கம் புல்வெளியில் இருக்கிறது. நாளைக்கு கிராஞ்சி போர்க் கல்லறை, அங்கே இந்தியப் படை வீரர்களின் பெயர்கள் சுவர் சுவராக இருக்கின்றன. அதைத் தனியாக எழுதுகிறேன்.